கோயம்புத்தூர் மத்தியச் சிறையின் கைதி ஆவணங்கள்: ஆய்வாளர் அணுகும் வழிகள்

வ.உ.சிதம்பரனார் 1908 முதல் 1910 வரை கோயம்புத்தூர் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தார். அவர் இழுத்த செக்கு இன்றும் காக்கப்படுகிறது. தம் சிறைவாழ்வை அவரே சுயசரிதையில் பதிந்துள்ளார். அச்சிறையில் இருந்த எளிய கைதிகளுள் பெரும்பாலோர் தம் வரலாற்றை எழுதவில்லை. அவர்களை அறிய அலுவலக ஆவணங்களே பெரிதும் துணையாகின்றன. அவற்றைப் பெறும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

காலனியக் காலத்துச் சிறை நிருவாகம் தொடர்பான அரசாணைகளைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். சிறைத்துறையிடமே உள்ள ஆவணங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வழிசெய்கிறது. பொதுத் தகவல் அலுவலர் 30 நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானதெனில் 48 மணி நேரத்திற்குள் அளிக்க வேண்டும்.

கைதியின் விவரங்கள் தனிநபர் தகவல் என்று மறுக்கப்படலாம். ஆயினும், விண்ணப்ப நாளுக்கு 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வுகளுக்கு இவ்விலக்கு பொருந்தாது என்பதைப் பிரிவு 8(3) உணர்த்துகிறது. நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்றச் சிறப்புரிமை, அமைச்சரவை ஆவணங்கள் பற்றிய விலக்குகளே தொடரும். எனவே நிகழ்வின் ஆண்டையும் இப்பிரிவையும் விண்ணப்பத்தில் சுட்டுதல் நன்று.

ஆவணம் கிடைத்தபின் மற்றொரு பொறுப்பு எழுகிறது. அக்கைதியின் வழித்தோன்றல்கள் கொங்குப் பகுதியின் அதே ஊரில் இன்றும் வாழக்கூடும். பெயரை வெளியிடுதல் ஆய்வுக்கு இன்றியமையாததா என எண்ணித் துணிவதே ஆய்வறம் எனலாம்.