கீசர் ஒழுகுகிறதா? யாரை அழைப்பீர்கள்?

வாசக நேயர்களே! உங்கள் இல்லத்துக் குளியலறையில், தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும் கீசரை என்றைக்காவது நிமிர்ந்து பார்த்ததுண்டா? அது ஒழுகத் தொடங்கும் வரை நம்மில் எவரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. பார்க்க நேர்ந்தபோது, நம்பத்தக்க ஒரு பிளம்பரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு அரிய காரியம் என்பதையும் கூடவே கற்றுக்கொண்டேன்.

கோவையில் மார்கழிக் குளிர் கடுமையானது என்று சொன்னால் உதகைவாசிகள் நகைப்பார்கள். ஆயினும் எழுபது வயதைக் கடந்த என் அம்மாவுக்கு, அதிகாலைத் தொழுகைக்கு ஒளூச் செய்ய வெந்நீர் இல்லாமல் முடியாது. அதற்காகவே 25 லிட்டர் கொள்ளளவுள்ள கீசர் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தோம். சென்ற குளிர்காலத்தின் தொடக்கத்தில், அதன் அடியிலுள்ள சிறிய வால்விலிருந்து நீர் சொட்டுவதை அம்மாதான் முதலில் கண்டு சொன்னார்கள்.

மின்கம்பத்தில் ஒட்டியிருந்த ஒரு விளம்பரத் தாளைப் பார்த்து அழைத்தேன். அரைமணி நேரத்தில் ஓர் இளைஞர் வந்தார். நிமிர்ந்து பார்த்தார். “வால்வு போயிடுச்சுங்க பாய்” என்றார். புதிய வால்வு போட்டால் இவ்வளவு, அடைத்துவிட்டால் இவ்வளவு என்று இரண்டு விலை சொன்னார். நான் குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் ஐம்பது ரூபாய் பேரம் பேசினேன். அவர் வால்வின் வாயில் எம்-சீலை வைத்து அடைத்துவிட்டுப் போனார். சொட்டுவது நின்றது. மலிவாக முடித்துவிட்டோம் என்று மனம் மகிழ்ந்தது.

இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒருநாள் காலை கீசரின் கீழ்மூடியிலிருந்து செந்நிற நீர் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. அந்த இளைஞரின் எண்ணுக்கு எத்தனையோ முறை அழைத்தேன். அவர் எடுக்கவேயில்லை.

இம்முறை நான் விளம்பரத் தாளை நாடவில்லை. எங்கள் பகுதியில் நெடுங்காலமாக ஹார்டுவேர் கடை நடத்தும் ஒருவரிடம் சென்று, “உங்கள் சொந்த வீட்டு வேலைக்கு யாரை அழைப்பீர்கள்?” என்று கேட்டேன். “நல்ல பிளம்பர் யார்?” என்று கேட்டிருந்தால் கடைக்கு வந்துபோகும் பத்துப் பேரின் பெயர் கிடைத்திருக்கும். இப்படிக் கேட்டதால் ஒரே பெயர்தான் கிடைத்தது. வாசகர்களே, இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டாரிடம் விசாரிக்கும்போதும் போன வாரம் வேலை செய்தவரைப் பற்றிக் கேட்பதில் பயன் குறைவு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்தவரைப் பற்றிக் கேளுங்கள். குழாய் வேலையின் தரம் அன்றைக்கே தெரிவதில்லை.

வந்தவர் அறுபதை நெருங்கிய மனிதர். கீசரைப் பார்ப்பதற்கு முன்பே, “மெயின்ல எம்.சி.பி. எங்கங்க இருக்கு?” என்று கேட்டார். குளியலறை ஸ்விட்ச் அணைந்திருக்கிறதே என்றேன். அது போதாது என்று தலையசைத்து, மின்சாரத்தை முழுமையாக நிறுத்தினார். டெஸ்டர் வைத்துச் சோதித்தார். பிறகு நீர் உள்ளே வரும் வால்வையும் மூடினார். கீசரின் வெளிப்புறத்தைப் பழந்துணியால் ஈரமில்லாமல் துடைத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுமை போயிற்று. ஆனால் அந்தப் பத்து நிமிடப் பார்வையில்தான் அவருடைய தொழிலறிவு முழுவதும் அடங்கியிருந்தது என்பது பின்னர்தான் விளங்கியது.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே நோய் மாறுபடும் என்றார் அவர். குழாய் இணைப்பிலிருந்து தெளிந்த நீர் கசிந்தால் வாஷரையோ இணைப்புக் குழாயையோ மாற்றினால் போதும். சூடாக்கும் எலிமெண்ட் பொருத்தியுள்ள இடத்தைச் சுற்றிக் கசிந்தால் காஸ்கெட் தேய்ந்திருக்கும். செலவு சிறிதுதான், ஆனால் மின்கம்பிகள் நனைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். செந்நிற நீர் உள்ளிருந்து வந்தால் தொட்டியே அரித்துப்போய்விட்டது என்று பொருள். அதற்கு எந்தப் பூச்சும் நிற்காது; புதியது வாங்குவதே வழி. எங்களுடையது இந்தக் கடைசி வகை.

இவற்றைச் சொல்லி முடித்த பிறகு அவர் கண் அந்த எம்-சீலின் மேல் விழுந்தது. முகம் மாறிவிட்டது. “இதை அடைச்சது யாருங்க பாய்?” என்றார். நான் சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை.

நேயர்களே, அந்த வால்வு சொட்டியது பழுதினால் அன்று. நீர் சூடாகும்போது விரிகிறது. 20 டிகிரியிலுள்ள 25 லிட்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடேறினால் ஏறத்தாழ 380 மில்லி லிட்டர் அதிகமாகிறது. இரண்டு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த நீர் திரும்பிப் போகாதபடி வால்வு தடுத்துவிடுவதால், அந்த மிகுதி நீர் வெளியேற வேறு வழி வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சிறிய வாய். கீசர் ஓடும்போது மட்டும் சில சொட்டுகள் விழுந்தால் அது தன் கடமையைச் செய்கிறது என்று அறிக. கீசர் குளிர்ந்திருக்கும்போதும் ஓயாமல் சொட்டினால்தான் வால்வில் கசடு சிக்கியிருக்கும், அல்லது அது தேய்ந்திருக்கும்.

அந்த வாயை அடைத்தபின் ஒவ்வொரு காலையும் நீர் விரிந்து தொட்டியை உள்ளிருந்து நெட்டித் தள்ளியிருக்கிறது. ஏற்கெனவே உப்பால் அரிக்கப்பட்டிருந்த பற்றவைப்பு அதைத் தாங்கவில்லை. தொட்டி விட்டுக்கொடுத்ததே எங்கள் நற்பேறு என்றார் பெரியவர். சூடு எல்லை மீறாமல் காக்கும் தெர்மோஸ்டாட்டும் அந்த நாட்களில் பழுதாகியிருந்தால், நீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாக இடமின்றி அடைபட்டிருக்கும். அந்நிலையில் தொட்டி பிளந்தால், ஆவியாகும் நீர் சுமார் 1,600 மடங்கு விரியும். கீசர் வெடித்தது என்று நாளேடுகளில் படிக்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் கீழேதான் நாள்தோறும் என் அம்மா உட்கார்ந்து ஒளூச் செய்தார்கள். ஐம்பது ரூபாய் பேரம் பேசியவன் நான்.

அந்த இளைஞரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஏன் சொட்டுகிறது என்று நான் கேட்கவில்லை. சொட்டாமல் செய்ய எவ்வளவு என்றுதான் கேட்டேன்.

புதிய கீசர் வாங்கும்போது பெரியவர் எங்கள் தண்ணீரைப் பற்றி விசாரித்தார். கோவையில் வாழ்வோருக்கு இது தெரியும்: குடிப்பதற்குச் சிறுவாணியின் இனிய நீர், புழங்குவதற்கு ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர். எங்கள் கீசருக்கு உப்புநீர்தான். அத்தகைய வீட்டுக்கு உட்புறம் கண்ணாடிப் பூச்சிட்ட தொட்டியும், அதனுள் மக்னீசியக் கம்பியும் உள்ள கீசரே ஏற்றது என்றார். அரிப்பு முதலில் அந்தக் கம்பியைத்தான் தின்னும். கம்பி தீர்ந்தபின் தொட்டிக்கு வரும். எனவே ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். எங்கள் பழைய கீசரில் அது பெயருக்கு ஒரு துரும்பாக எஞ்சியிருந்தது. அப்படியொன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

மாட்டும்போது சுவரைத் தட்டிப் பார்த்து இடத்தைத் தேர்ந்தார். நீர் நிரம்பினால் 35 கிலோவுக்குக் குறையாமல் கனக்குமல்லவா? வெந்நீர்க் குழாயில் நீர் வந்து விழும் வரை மின்சாரம் கொடுக்க விடவில்லை. வெறும் தொட்டியைச் சூடாக்கினால் எலிமெண்ட் கருகிவிடும். 2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் வரை இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் இல்லாமல் மாட்டக்கூடாது என்றார். இணைப்பில் ஆர்.சி.சி.பி. இல்லாததைக் கண்டு, அது தன் வேலையன்று, எலக்ட்ரீஷியனை அழையுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தொழிலாளியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

உத்தரவாதக் காலம் மிஞ்சியிருந்தால் முதலில் நிறுவனத்தை அழைப்பதே முறை. ஆனால் உத்தரவாத அட்டையில் அச்சிட்டுள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் சேவை எண்களுள் பணம் பறிக்கும் போலிகளும் கலந்திருக்கின்றன.

கூலியை வேலைக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும் என்பது நம் ஃபிக்ஹு நூல்களைப் படித்தவர்களுக்குப் புதிய செய்தியன்று. கூலி தெரியாத ஒப்பந்தம் பூசலுக்கு வித்து. ஆனால் பேசிய கூலியை வேலை முடிந்தபின் குறைக்கப் பார்ப்பவர்களும், “அடுத்த வாரம் வாங்க” என்று அலைய வைப்பவர்களும் நம்மிடையே இல்லையா? நல்ல தொழிலாளிகள் அத்தகைய வீடுகளுக்கு மறுமுறை வருவதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குக் கடைசியில் மின்கம்பத்துத் தாள்தான் மிஞ்சும். நான் பேரம் பேசாமல் அன்றே கொடுத்தேன். அவர் கழற்றிய பழைய பாகங்களை என்னிடம் ஒப்படைத்தார். மூடியின் உட்புறம் அன்றைய தேதியை எழுதி வைத்தார்.

சென்ற மாதம் அழைக்காமலே வந்து, மக்னீசியக் கம்பியைக் கழற்றிக் காட்டினார். ஓராண்டில் விரல் தடிமனில் இருந்தது பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தது. புதியதை மாட்டினார். வால்வின் வாயில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, வடிகாலின் பக்கம் இறக்கி விட்டிருக்கிறார். காலைதோறும் அதிலிருந்து சொட்டுகள் விழுகின்றன. அம்மா அதற்கடியில் ஒரு சொம்பு வைத்திருக்கிறார்கள்.