படிக்காப்புடைய இசை மென்பொருள்களும் நெகிழ்வட்டுப் பாதுகாப்பும்

1983ஆம் ஆண்டு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் ஆப்பிள் II கணினிக்கென வெளியிட்ட ‘மியூசிக் கன்ஸ்ட்ரக்ஷன் செட்’, இசைக்குறிகளைத் திரையில் அமைத்து இசை இயற்ற வழிசெய்த தொடக்ககால மென்பொருள்களுள் ஒன்று. வில் ஹார்வி உருவாக்கிய இம்மென்பொருளின் நெகிழ்வட்டு, அக்கால வணிக வட்டுகள் பலவற்றைப் போன்றே படிக்காப்பு உடையது.

ஆப்பிள் II வட்டின் வழக்கமான அமைப்பு 35 தடங்கள், தடத்திற்கு 16 பிரிவுகள், பிரிவிற்கு 256 பைட்டுகள் என்பதாகும். சாதாரணப் படியெடுப்பு நிரல்கள் இவ்வொழுங்கை எதிர்பார்த்தே இயங்கின. ஆயினும், தலையை நகர்த்துவதும் தடத்தில் எழுதுவதும் பெரும்பாலும் மென்பொருளின் ஆளுகையிலேயே இருந்தமையால், ஒழுங்கை மீறி எழுதுவது வெளியீட்டாளர்க்கு எளிதாயிற்று. தடங்களுக்கு இடையே எழுதுதல், பிரிவின் தொடக்கக் குறியை மாற்றுதல் ஆகியன பரவலாகக் கையாளப்பட்டன. இவற்றினும் நுட்பமான உத்தி ஒன்றுண்டு. வட்டின் ஒரு பகுதி, காந்தத் திசைமாற்றமே இன்றி வெறுமையாக விடப்படும். குறிகை கிடைக்காத இயக்ககம் தன் பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே சென்று, இரைச்சலைத் தரவாகப் படிக்கும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மதிப்பு வரும். அப்பகுதியை நிரல் மீண்டும் மீண்டும் படிக்கும். மதிப்பு மாறாதிருப்பின் படியெனக் கண்டு நின்றுவிடும். படியெடுத்தவர்க்குக் கிட்டுவதோ உறைந்துபோன ஒரே மதிப்பு.

ஆகவே, பிரிவுகளின் உள்ளடக்கத்தை மட்டும் எடுப்பது பாதுகாப்பாகாது. கிரையோஃபிளக்ஸ், கிரீஸ்வீசில், ஆப்பிள்சாஸ் ஆகிய கருவிகள் காந்தத் திசைமாற்றங்களுக்கு இடைப்பட்ட கால அளவையே பதிவு செய்கின்றன. ஒரு தடத்தைப் பல சுற்றுகள் படிக்கும்போதுதான் நிலையற்ற பகுதி வெளிப்படும். ஆனால் பூஞ்சையாலும் பூச்சு உதிர்வாலும் சிதைந்த இடமும் அவ்வாறே மாறிமாறிப் படிக்கப்படலாம். இரண்டையும் பிரித்தறிய, அதே வெளியீட்டின் வேறொரு வட்டுடன் ஒப்பிடுதல் நன்று. சுவடிப் பதிப்பாசிரியர்க்கு இது பழகிய பணியே.

காப்பு நீக்கப்பட்ட திருட்டுப் படிகள் இருக்க, இத்தனை உழைப்பு எதற்கு என வினவலாம். அப்படிகளில் நிரலின் வரிகள் திருத்தப்பட்டுள்ளன. சிலவற்றில் தொடக்கத் திரையும் மாற்றப்பட்டுள்ளது. ஆய்வுக்கு அவை இடைச்செருகலுற்ற பாடங்களே. எனினும் மூல வட்டு படிக்க இயலாதவாறு அழிந்தவிடத்து, அவையே எஞ்சும் சான்றாகவும் அமையும்.

அமெரிக்கப் பதிப்புரிமை நடைமுறையில், மூல வட்டையோ வன்பொருளையோ வேண்டும் வழக்கொழிந்த வடிவ மென்பொருள்களின் காப்பை நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பாதுகாப்பின்பொருட்டு மீற 2006இல் விலக்களிக்கப்பட்டது. விலக்கில் வன்பொருளும் இடம்பெற்றமை இசைத்துறைக்கு முக்கியமானது. மிடி இணைப்புகளுடன் 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் இயங்கிய கியூபேஸ், நொட்டேட்டர் ஆகியவற்றின் காப்பு, கணினியின் பக்கவாட்டில் செருகும் சாவிப் பொறியில் இருந்தது. வட்டைப் பழுதின்றிப் பதிவு செய்தாலும், அப்பொறியோ அதன் தருக்கச் சுற்றின் நகலோ இன்றி நிரல் இயங்காது. அந்நிரலின் சொந்த வடிவில் சேமிக்கப்பட்ட இசைக்கோப்புகளைத் திறந்து கேட்பதும் கடினமாகிவிடும்.