மலைப் பிள்ளைகள் ஏன் கமிட்டிக்கு வருவதில்லை

டீ ஆறுவதற்குள் உங்கள் கேள்விக்கு வருகிறேன், மேடம். கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறது, பெட்டியும் மாட்டியிருக்கிறது. சித்தேரி, சிட்லிங்கிப் பக்கத்துப் பிள்ளைகள் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்டீர்கள்.

சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்களைச் சீரழித்தார்கள். பிறகு அந்தப் பெண்களையே சேலம் சிறையில் அடைத்தார்கள். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு அரசாங்கக் காகிதமும் காக்கிச் சட்டையும் எப்படி ஆறுதலாகத் தெரியும்?

ஆனாலும் அந்தப் பெண்கள் பேசினார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தார் கூடவே நின்றார்கள். தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணைய அதிகாரி பாமதி ஊருக்கே வந்து, உட்கார்ந்து கேட்டார். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் தண்டித்தது. 2023இல் அதை உறுதி செய்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகனும், முதலில் வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தார். கேட்பவர் தேடி வந்தார், சொல்பவர் தனியாக இல்லை. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

இது நடக்காதபோது என்ன ஆகும் என்பதை 2018 நவம்பரில் பார்த்தோம். தீபாவளிக்கு சிட்லிங்கி வந்த பிளஸ் டூ மாணவி வல்லுறவுக்கு ஆளானாள். சில நாளில் தருமபுரி அரசு மருத்துவமனையில் இறந்தாள். அம்மாவின் பக்கத்தில் இருக்க வேண்டியவளைக் காப்பகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். எந்த மருத்துவமனையும், தனியார் உட்பட, வல்லுறவுக்கு ஆளானவருக்கு இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். பாதிக்கப்பட்டவள் பழங்குடிப் பெண், குற்றம் செய்தவர் எஸ்.சி., எஸ்.டி. அல்லாதவர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவுப்படி வழக்குக்கு வந்துபோகும் செலவையும் அரசு தர வேண்டும். நம் லம்பாடிப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் இந்தப் பிரிவு அவர்களுக்குக் கிடைக்காது. அவர்கள் செலவைக் கல்லூரிதான் யோசிக்க வேண்டும்.

புகார் சொல்ல வருகிறவளின் மொழி தெரிந்த ஒருவர் அவளோடு இருக்கட்டும். சிட்லிங்கியில் பழங்குடி நல மருத்துவமனை அந்த ஊர்ப் பெண்களையே பழக்கி, சுகாதாரப் பணியாளர் ஆக்கியிருக்கிறது. அந்த மாதிரி ஆள். ஆனால் நீங்களாக ஒருவரைக் கூட்டிவந்து உட்கார வைக்காதீர்கள். சொந்த ஊர்க்காரி என்றாலே பயப்படுகிற பிள்ளையும் உண்டு, பேச்சு மலைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? யார் வேண்டும், வீட்டுக்குச் சொல்லலாமா என்று அவளையே கேளுங்கள்.

இன்னொன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் மூன்று மாதத்துக்குள் புகார் கேட்கிறது. லீவுக்கு மலைக்குப் போன பிள்ளை தாமதமாக வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். காரணத்தை எழுதி வைத்து இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க உங்கள் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது.