பட்டினி கிடந்தாலும் ரத்தத்தில் சர்க்கரை! ஈரல் செய்யும் விந்தை

கோவையில் ரத்தப் பரிசோதனைக்காக விடியற்காலையிலேயே வெறும் வயிற்றுடன் வந்து காத்திருப்பவர்கள் பலர். முடிவைப் பார்த்ததும் சிலர் திகைத்துப் போகிறார்கள். இரவு சாப்பிட்டதோடு சரி. பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. அப்படியிருக்க, இவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வந்தது?

வேறு எங்கிருந்தும் அல்ல. அவர்களுடைய ஈரலே அதைக் கொடுத்தது!

உடம்புக்குள் ஓர் அணை

சிறுவாணி அணை மழைத் தண்ணீரைத் தேக்கி வைத்து, மழை இல்லாத நாளிலும் கோவைக்குக் கொடுக்கிறது. ஈரலும் அப்படித்தான்.

சோறு, களி, கம்பு எல்லாம் குடலில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் சேருகின்றன. அதில் ஒரு பகுதியை ஈரல் பிடித்து வைத்துக் கொள்கிறது. 'கிளைக்கோஜன்' என்னும் மாவுப் பொருளாக மாற்றிச் சேமிக்கிறது.

ஈரலின் எடை சுமார் 1½ கிலோ. அது சேமிக்கும் சர்க்கரை சுமார் 100 கிராம். ரத்தம் முழுவதிலும் இருப்பதோ சுமார் 5 கிராம். ஒரு தேக்கரண்டி அளவுதான்! மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் வேண்டும். ஆகவே, மனிதன் தூங்கினாலும் ஈரல் தூங்குவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையைத் திறந்து விடுகிறது. விடியுமுன் வெறும் வயிற்றுடன் தோட்டத்துக்குப் போகிறவர் மயங்கி விழாமல் இருப்பது இதனால்தான்.

கழுவிய ஈரலில் சர்க்கரை

இதைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட். 1855-ம் ஆண்டில், இறந்த நாயின் ஈரலுக்குள் தண்ணீரைப் பாய்ச்சி, சர்க்கரை துளியும் இல்லாதபடி கழுவினார். மறுநாள் பார்த்தார். அதே ஈரலில் மீண்டும் சர்க்கரை! சேமித்த பொருளிலிருந்து ஈரலே சர்க்கரை செய்கிறது என்பது தெரிந்தது.

அறுக்காமல் அளந்தார்கள்

உயிருள்ள மனிதனின் ஈரலை அளப்பது எப்படி? 1970-களில் ஸ்வீடன் டாக்டர்கள் ஊசியால் ஈரலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள்.

1991-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் ஊசியே இல்லாமல் அளந்தார்கள். பெரிய காந்தக் கருவி, கிளைக்கோஜனில் உள்ள கார்பன் அணுக்கள் தரும் அடையாளத்தை வெளியிலிருந்தே படித்தது. பட்டினி இருந்தவர்களின் சேமிப்பு மணிக்கு மணி குறைந்தது. அதோடு, முதல் நாளிலேயே ஈரல் தந்த சர்க்கரையில் பாதிக்கு மேல், உடம்பின் மற்றப் பொருள்களிலிருந்து புதிதாகச் செய்யப்பட்டது என்றும் தெரிந்தது!

மதகு அடைபடாவிட்டால்?

சர்க்கரை போதும் என்றால் மதகை அடைக்கும் காவல்காரன் இன்சுலின். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தக் காவல் தளர்ந்து விடுகிறது. ஈரல் தேவைக்கு மேல் சர்க்கரையைக் கொட்டுகிறது. பலரும் சாப்பிடும் 'மெட்பார்மின்' மாத்திரை இதைத்தான் குறைக்கிறது.

எனவே, இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் காலையில் சர்க்கரை இறங்கிவிடும் என்று நம்பிப் பட்டினி கிடக்க வேண்டாம். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருக்குமுன் டாக்டரைக் கேட்டுக் கொள்வது நல்லது.