சைக்கிளுக்கும் அளவு உண்டு!

சட்டை தைக்கப் போனால் டெய்லர் தோள், கை, கழுத்து என்று இஞ்ச் டேப்பைச் சுற்றுகிறார். செருப்புக் கடையில்கூட நம்பர் கேட்கிறார்கள். சைக்கிள் வாங்கும்போது யாராவது உங்கள் காலை அளந்திருக்கிறார்களா? 'கலர் என்ன சார்?' என்பதோடு சரி!

எனக்கும் இந்தச் சந்தேகம் வெகுநாள் வந்ததில்லை. வந்தது, சூலூர்பேட்டை ரயிலில். சென்னை ஆபீஸிலிருந்து ஆரம்பாக்கம் வரை பொழுது போக வேண்டுமே என்று செல்போனைத் திறந்தால் ஒரு வீடியோ. ஒரு மனுஷர் மெல்லிய ஸ்டீல் குழாயின் முனையை அரத்தால் ராவிக்கொண்டே இருக்கிறார். இன்னொரு குழாயின் வளைவில் அது இம்மி பிசகாமல் உட்கார வேண்டுமாம். அப்படி வெட்டிய முனைக்கு அந்தத் தொழிலில் என்ன பெயர் தெரியுமா? 'மீன் வாய்'! பழவேற்காடு ஏரிக்கரையில் பிறந்தவனுக்கு இது போதாதா? மனசைப் பறிகொடுத்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடிப் படித்தேன். குழாய்களை இணைக்க ஸ்டீலையே உருக்குவதில்லை. சூடு காட்டினால் பித்தளையோ வெள்ளிக் கலவையோ உருகி, இடுக்குக்குள் தண்ணீர் மாதிரி தானாக ஓடிப் பரவும். குழாயும் லேசுப்பட்டதில்லை. இரண்டு முனையிலும் கனம். நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இப்படிக் குழாய் செய்ய 1897-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ரெனால்ட்ஸ் என்பவர் காப்புரிமை வாங்கினார். 1935-ல் வந்த 'ரெனால்ட்ஸ் 531' குழாய் உலகமெங்கும் பந்தயக்காரர்களின் செல்லப்பிள்ளை. அந்தக் கம்பெனி டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் இருந்தது. அதே குழுமம்தான் 1949-ல் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து நம்ம அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. ஆக, லண்டன் பந்தயக்காரனின் 531, நம்ம ஊர் ஹெர்குலிஸுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்!

ஜப்பானில் நகாசாவா என்று ஒரு ஃபிரேம் வாத்தியார். இத்தாலிக்குப் போய்த் தொழில் கற்றவர். அவர் கையால் செய்த ஃபிரேமில் ஓட்டிய கோய்ச்சி நகானோ, 1977 முதல் 1986 வரை தொடர்ந்து 10 முறை ஸ்பிரின்ட் பந்தயத்தில் உலக சாம்பியன். ஓட்டுகிறவரின் காலும் கையும் முதுகும் என்ன அளவோ, ஃபிரேமும் அந்த அளவு. சூட்சுமம் அவ்வளவுதான்.

'நமக்கும் ஒண்ணு செஞ்சா என்ன?' என்று ஆசை முற்றியது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் சீட்டுப் பணத்தில் கண் வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க உட்கார்ந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே? திண்ணையில் இருந்த நைனாவைக் கூப்பிட்டேன்.

"இன்னாடா, சைக்கிளுக்கு இஞ்ச் டேப்பு?"

"ஆளுக்கு ஏத்த மாதிரி செய்வாங்க நைனா. இல்லாட்டி இடுப்பு, முதுகு எல்லாம் போயிடும்."

நைனா ஒன்றும் பேசவில்லை. சுவரில் சாய்ந்து நிற்கிற தன் பழைய சைக்கிளைப் பார்த்தார்.

நான் டேப்பை அவர் பக்கம் திருப்பினேன். கால் உள்ளளவு, 27½ அங்குலம். சைக்கிளின் பார் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்தேன். 33!

செகண்ட் ஹேண்டில் கிடைத்தது 24 இஞ்ச் ஃபிரேம், வாங்கிவிட்டார். சின்ன வயசில் அதில் நான் 'குரங்கு பெடல்' போட்டபோது ஊரே சிரித்தது. பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டினாலும், எனக்கு அது நாலு மாத விளையாட்டு. நைனாவோ மடவையும் இறாலும் நிறைந்த கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, எளாவூர் வரை 30 வருஷம், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஓட்டியிருக்கிறார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காலை வீசிக் குதித்து இறங்கியிருக்கிறார். இன்றைக்கு எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வதை, வயசுக் கோளாறு என்றே நினைத்திருந்தேன்.

அந்த இடுப்பு வலியில்தான் என் படிப்பு, என் ஆபீஸ் வேலை, நான் வீடியோ பார்த்த செல்போன் எல்லாம்.

நோட்டில் என் அளவு இன்னும் ஏறவில்லை. முதல் பக்கத்தில் நைனாவின் அளவுதான் இருக்கிறது. வெளிநாட்டுக் குழாயெல்லாம் வேண்டாம், பார் தாழ்ந்த, அவர் கால் தரையில் ஊன்றுகிற ஒரு சைக்கிள் போதும்.

நீங்கள் செலவே செய்ய வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து, அடியில் இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீண்டால் சீட் உயரம் ஏறக்குறைய சரி. வீட்டில் யாராவது இன்னும் சைக்கிள் மிதிக்கிறார்களா? முதலில் அவர்களை உட்கார வைத்துப் பாருங்கள்.

"இனிமே எந்த ஊருக்குடா மீன் விக்கப் போறேன்?" என்றார் நைனா.

"டீக்கடை வரைக்கும் போலாமில்ல?"

"அதுவும் சரிதான்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"பச்சைக் கலர்ல கிடைக்குமாடா?"