முரசில் இரத்தம் கசிந்தால் பல் தீட்டுவதை நிறுத்தாதீர்கள்

2006ஆம் ஆண்டு சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தபோது உடுத்த உடுப்போடுதான் வெளியேறினோம். வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்து, பின்னர் கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்தோம். பவுசரில் வரும் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் பங்கிட்டபோது, பல்லைப் பற்றி யார் யோசித்தார்கள்? அம்மாவுக்குப் பல் தீட்டும்போது முரசிலிருந்து இரத்தம் வந்தது. பயந்துபோய் பிரஷ்ஷைக் கைவிட்டார். பசியை மறக்க வெற்றிலை கூடியது. பிறகு பற்கள் ஆடத் தொடங்கி, ஒவ்வொன்றாகப் போயின.

அவர் செய்த தவறை இன்றும் பலர் செய்கிறார்கள். பல்லும் முரசும் சேரும் இடத்தில் படியும் அழுக்கில் கிருமிகள் பெருகுவதால்தான் பெரும்பாலும் முரசு வீங்கி இரத்தம் கசிகிறது. தீட்டுவதை நிறுத்தினால் அழுக்கு கூடும். நாளடைவில் கல்லாக இறுகும். அழற்சி உள்ளே இறங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும். அதிகம் வலிக்காது என்பதுதான் இதன் ஆபத்து. தொடக்க நிலையில் மென்மையான பிரஷ்ஷால் ஒழுங்காகத் தீட்டி, பல் வைத்தியரிடம் கல்லையும் அகற்றினால் முரசு பழைய நிலைக்குத் திரும்பும். கரைந்த எலும்பு தானாக வளராது. கல் எடுத்தால் பல் ஆடும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். பல்லை ஆட்டுவது முரசு நோய்தான்.

குழந்தைக்கு ஏறக்குறைய 6 மாதத்தில் முதற்பல் வரும். அன்றிலிருந்தே சுத்தம் செய்யுங்கள். சூப்பிப் போத்தலில் சீனிப்பால் கொடுத்து நித்திரையாக்காதீர்கள். 3 வயதுவரை அரிசிமணி அளவு, அதன்பின் 6 வயதுவரை பட்டாணி அளவு புளோரைட் பற்பசை போதும்.

6 வயதளவில், பாற்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். விழும் பல்தானே என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது விழாது, வாழ்நாள் முழுவதற்கும் உரிய பல். அதில் சூத்தை விழுந்தால் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் காட்டி அடைக்கலாம்.

கர்ப்பிணிகளுக்கு ஓமோன் மாற்றத்தால் முரசு எளிதில் வீங்கும். கிளினிக் போகும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பற்பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சலரோகம் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சீனி கட்டுப்படாவிட்டால் முரசு நோய் கூடும். முரசு நோய் கூடினால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும்.

வெற்றிலை போடுபவர்களுக்கு ஒன்று. புகையிலை சேர்க்காவிட்டால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோயும் ஒன்று. 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, வாயைப் பெரிதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

கட்டுப்பல் வைத்திருப்பவர்கள் இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டுவையுங்கள். பல் இல்லாவிட்டாலும் முரசைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

எல்லா வயதினருக்கும் பொதுவானது இதுதான்: ஒரு நாளைக்கு 2 தடவை, ஒவ்வொரு தடவையும் 2 நிமிடம். படுக்கும் முன் தீட்டுவதைத் தவறவிடாதீர்கள். நுரையைத் துப்பிய பின் அதிகம் கொப்பளிக்க வேண்டாம். புளோரைட் பல்லில் தங்கட்டும். கரியும் செங்கல் தூளும் பல்லைத் தேய்த்துவிடும்.

மூதூர் ஆதார வைத்தியசாலையிலும் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் பற்சிகிச்சை இலவசம். வலி வரும்வரை காத்திருக்காமல், வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்வாருங்கள்.

ஊர் திரும்பியபோது அம்மாவிடம் மிஞ்சியவை சில முன்பற்கள்தான். காணி திரும்பக் கிடைத்தது, பற்கள் கிடைக்கவில்லை. இப்போது என் மகளுக்கு அந்த ஆறு வயதுக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. இரவில் அவள் பல் தீட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பவர் அம்மாதான்.