நாள் குறிக்கப் போகும் முன்னால்…



தை பிறந்தால் நம் குழுக்களில் கல்யாணக் கடன் கேட்டு மனு வருவது வழக்கம். "நாள் குறிச்சாச்சு, பத்திரிகையும் அடிச்சாச்சு, பணம் மட்டும்தான் பாக்கி" என்றுதான் பலரும் வந்து நிற்கிறார்கள். நாள் எப்படிக் குறிக்கிறார்கள் என்பது நமக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால், ஜோசியரிடம் நம்ம வசதியைச் சொல்லி நாள் கேட்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் மாதம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். வீட்டுக்குத் தலைச்சன் பிள்ளையும் தலைச்சன் பெண்ணும் சேரும் கல்யாணத்தை ஆனியில் வைக்க யோசிப்பார்கள். அடுத்து வளர்பிறையா, தேய்பிறையா என்று பார்க்கிறார்கள். செவ்வாய், சனி வேண்டாம். சதுர்த்தி, அஷ்டமி, நவமி திதிகள் வேண்டாம். நட்சத்திரத்தில் ரோகிணி, மிருகசீரிஷம், மகம், உத்திரம், அஸ்தம், சுவாதி, அனுஷம், மூலம், உத்திராடம், உத்திரட்டாதி, ரேவதி என்று பதினொன்றைத்தான் கல்யாணத்துக்கு விசேஷமாகச் சொல்கிறார்கள். இப்படிக் கழித்துக்கொண்டே போனால் மாதத்துக்கு நாலைந்து நாள்தான் மிஞ்சும். அதைத்தான் காலண்டரில் முகூர்த்த நாள் என்று போடுகிறார்கள்.

ஆனால் அது ஊருக்கெல்லாம் பொதுவான கணக்கு. உங்க பெண்ணுக்கு அந்த நாள் சேருமா என்பது வேறு. பெண்ணின் பிறந்த நட்சத்திரத்திலிருந்து அன்றைய நட்சத்திரம் வரை எண்ணி ஒன்பதால் வகுக்கிறார்கள். மீதி 2, 4, 6, 8 வந்தாலோ, மீதியே இல்லாமல் போனாலோ நல்லது. 1, 3, 5, 7 வந்தால் ஆகாது. இதுதான் தாராபலம். ரோகிணியில் பிறந்த பெண்ணுக்கு அனுஷம் பதினாலாவது, மீதி 5, எனவே சேராது. உத்திரம் ஒன்பதாவது, சேரும். மாப்பிள்ளைக்கும் இதே மாதிரி எண்ணணும். அதோடு சந்திராஷ்டமம். பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் இருக்கும் இரண்டே கால் நாள் அது. மாப்பிள்ளை மேஷ ராசி என்றால், சந்திரன் விருச்சிகத்தில் இருக்கும் அனுஷத்தன்று தாலி கட்ட மாட்டார்கள். ஆக, காலண்டரில் பெரிய முகூர்த்தம் என்று போட்டிருந்தாலும் உங்க வீட்டுக்கு அது நாளே இல்லாமல் போகலாம். காலண்டரில் போடாத ஒரு தேய்பிறை முகூர்த்தம் பொருந்தியும் வரலாம். தேய்பிறை கூடவே கூடாது என்று சாஸ்திரக்காரர்களே சொல்வதில்லை.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. வெள்ளி 10.30 முதல் 12 வரை ராகு காலம். திங்கள் 7.30 முதல் 9 வரையும் அப்படியே. வியாழன் காலை 6 முதல் 7.30 வரை எமகண்டம். இதையெல்லாம் தள்ளிவிட்டு, ஏழாமிடம் சுத்தமாக உள்ள லக்னமாகப் பார்க்கிறார்கள்.

சம்பந்திகளுக்குள் சண்டை வருவது பெரும்பாலும் பஞ்சாங்கத்தால்தான். ஒருத்தர் வீட்டில் வாக்கியம், இன்னொருத்தர் வீட்டில் திருக்கணிதம். இரண்டிலும் திதி, நட்சத்திரம் முடியும் நேரம் சில மணி நேரம்கூட மாறும். எதைப் பார்ப்பது என்று முதல் பேச்சிலேயே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

பெரிய முகூர்த்தத்தன்று மண்டபம், சமையல்காரர், வேன் எல்லாம் கேட்ட விலை. கீரமங்கலத்தில் பூ விலையும் அன்றைக்கு ஏறிவிடும். (இந்தச் செலவில் முஸ்லிம், கிறிஸ்தவ உறுப்பினர்களும் மாட்டிக்கொள்கிறார்கள், அவர்கள் முகூர்த்தம் பார்க்காவிட்டாலும்.) அதனால் ஜோசியரிடம் ஒரு நாள் கேட்காதீர்கள், மூன்று நாள் கேளுங்கள். சீட்டு எப்போது முதிரும், குழுக் கடன் எந்த மாதம் கிடைக்கும் என்று பார்த்துவிட்டு அந்த மூன்றில் ஒன்றை எடுங்கள். தேதி முந்திக்கொண்டால் கந்துவட்டிக்காரர் வீட்டுக்குத்தான் போகணும். கந்துவட்டியைத் தடை செய்து 2003-லேயே சட்டம் வந்தும், அவசரக் கல்யாணம்தான் அவர்களுக்கு இன்னமும் சோறு போடுகிறது.

பெண்ணிடமும் தனியாகக் கேட்கணும். படிப்பு, பரீட்சை, மாதவிலக்கு நாள் எல்லாம் அவளுக்குத்தான் தெரியும். நாளை முடிவு பண்ணிவிட்டு, அப்புறம் விலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். இரத்தம் உறையும் தொந்தரவோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

"இந்தத் தை விட்டால் குரு பலம் போயிடும்" என்று பதினேழு வயசுப் பெண்ணுக்கு நாள் பார்க்க வந்தால், குழு அதற்குக் கடன் கொடுக்கக் கூடாது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்கணும் என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். எந்த முகூர்த்தமும் அதை மாற்றாது. தகவல் சொல்ல 1098-க்குப் போன் செய்யலாம், காசு இல்லை.

கல்யாணம் முடிந்ததும் 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யணும். தமிழ்நாட்டில் 2009 முதல் இது கட்டாயம். தவறினால் 150 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம். அழைப்பிதழ், இருவரின் வயதுச் சான்று, இருப்பிடச் சான்று, புகைப்படம் கொண்டுபோங்கள். அழைப்பிதழில் இரண்டை இதற்கென்றே முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.